கண்ணாடிக் கடையில் ஒரு ட்ரயல் ரூம்

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கடைப் படியில் கால் வைத்தவளுக்கு, படி ஒரு விரற்கடை மேலே எழும்பி வந்ததுபோல் இருந்தது. காலைத் தூக்கி வைத்தாள். படி அங்கே இல்லை. தடுமாறிப் போய் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பினாள். எதிர்ச்சாரியில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் குழாயைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர். பழகினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷட்டரைத் தூக்கினாள். தூக்கிய ஷட்டர் கோணலாகப் போவதாகக் கண்ணுக்குத் தெரிந்தது; கைக்கு நேராகத்தான் போனது.

அவளுடையது அல்டரேஷன் கடை. புதிதாக எதையும் தைப்பதில்லை. வாங்கிய துணியை, வாங்கியவரின் உடம்புக்குக் கொண்டுவருவதுதான் தொழில். தெருவை ஒரு கூட்டு கூட்டும் நீளத்தில் பேன்ட், தோளைத் தாண்டி முழங்கைப் பக்கம் இறங்கிய சட்டை, இடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் கவுன் என்று தினமும் வரும். ஆன்லைன் வியாபாரம் தலையெடுத்தபோது அந்தத் தெருவின் துணிக்கடைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இவளுக்கு அடித்தது யோகம். படத்தில் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் எல்லாரும் பொட்டலத்தோடு இவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். மூலையில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, உள்ளே ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். "திரும்புங்க, கையைத் தூக்குங்க, இப்ப உட்காருங்க" என்பாள். துணி சரியாக விழுந்துவிட்டால் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, போட்டவரின் முதுகு தானாகவே நிமிரும். அந்த ஒரு நிமிர்வுக்காகத்தான் அவள் இந்தத் தொழிலில் இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஊருக்கெல்லாம் நிலைக்கண்ணாடி காட்டியவளுக்குத் தனக்கென்று கண்ணாடி வாங்கும்போது மட்டும் எதுவும் தெரியாது. தெரியாது என்றால் நிஜமாகவே தெரியாது. பவர் பத்தைத் தாண்டிய கண். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஊசியில் நூல் கோர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு முழத்துக்கு அப்பால் மனிதர்கள் எல்லாரும் ஈரத்தில் பரவிய மை. கடையில் ப்ரேமை மாட்டிப் பார்ப்பதற்குத் தன் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமே. புது ப்ரேமில் இருப்பதோ வெறும் பிளாஸ்டிக். நிலைக்கண்ணாடியில் ஒரு மாநிற மொத்தை தெரியும், அதில் இரண்டு கறுப்பு. நல்லதா கெட்டதா என்று அந்த மொத்தையிடமா கேட்க முடியும்? ஆகவே சிறு வயதிலிருந்தே அவளுக்கு ப்ரேம் எடுப்பது அக்காதான்.

அக்கா மருத்துவமனையில் தலைமை நர்ஸ். நோயாளிக்குக் குளிர்கிறதா என்று கேட்காமலே போர்வையை இழுத்துவிடுகிற கை. கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே குடியிருந்தாள். தங்கையின் கண்ணாடி விஷயத்தில் அக்காவுக்கு ஒரே கொள்கைதான்: சின்னதாக, பழுப்பாக, மெல்லிசாக. கண்ணாடிக்கடைக்காரரும், "பவர் ஜாஸ்தி, சின்ன ப்ரேம்தான் சரி" என்று ஒத்து ஊதுவார். இருவரும் அவள் தலைக்கு மேல் பேசி முடித்துவிடுவார்கள். செய்து வந்த பிறகு மாட்டிப் பார்க்கும்போதுதான், அடுத்த சில வருஷங்களுக்குத் தன் முகம் என்ன என்று அவளுக்கே தெரியவரும். ஒவ்வொரு முறையும் அதே முகம்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம், கடையில் ஈயாடிக்கொண்டிருந்த நேரத்தில், போனில் ஒரு கண்ணாடி விற்கும் தளத்தைத் திறந்தாள். முகத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் ப்ரேமை அதன்மேல் மாட்டிக் காட்டுவார்களாம். கண்ணாடியைக் கழற்றிப் படமெடுத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வட்டம், சதுரம், பூனைக்கண், தங்கக் கம்பி, கறுப்புச் சட்டம் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அவள் இருந்தாள்; அவளே அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக! அன்று மாலைவரை வேலை ஓடவில்லை. கடைசியில் ஓரம் லேசாக மேலே தூக்கிய, பெரிய, கரும்பச்சை ப்ரேமில் வந்து நின்றாள். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடேயே ஆர்டர் போட்டாள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தளம் கேட்டது. அளவெடுப்பதையா அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்? கழுத்தில் தொங்கிய டேப்பைக் கண்ணுக்குக் கீழே பிடித்து, நகத்தால் அடையாளம் வைத்து, அளவைத் தட்டிவிட்டாள்.

வந்தது. முகத்தைத் தூக்கித்தான் நிறுத்தியது, அதில் குறையில்லை. உலகத்தைத்தான் வளைத்துவிட்டது. படியில் தடுமாறிய அன்று மத்தியானத்துக்குள் இரண்டு கண்ணையும் யாரோ காதுப் பக்கமாகப் பிடித்து இழுப்பதுபோல் ஆகிவிட்டது. ஒரு பேன்ட்டின் மடிப்பைத் தைத்துப் பிரித்தாள், பிரித்துத் தைத்தாள். பிறகு பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், இரண்டு தையலுமே பள்ளிக்கூடத்தில் முதல் நாள் போட்ட கோடு மாதிரி இருந்தன. இந்தக் கையால் இப்படி ஒரு தையலா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் புதுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வீம்பாக உட்கார்ந்திருந்தபோது, டியூட்டி முடிந்து வந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

"என்னடி இது மூஞ்சில?"

"கண்ணாடி."

"அது தெரியுது. யாரைக் கேட்டு வாங்கினே?"

"என்னைக் கேட்டுத்தான்."

அக்கா உள்ளே வந்து, அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. திருப்பி அனுப்பு. நாளைக்கு எனக்கு லீவுதான், கடைக்குப் போய் நல்லதா ஒண்ணு எடுத்துடலாம்."

நல்லதா ஒன்று என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குத் தளத்தில் வழி இருந்தது. ஆனால் இதை அனுப்பிவிட்டால் அடுத்த கண்ணாடி அக்கா எடுத்ததாகத்தான் இருக்கும். அதற்கடுத்ததும். கிழவியாகிற வரைக்கும் பழுப்பு. "நாளைக்குப் போலாம். ஆனா இதையும் எடுத்துட்டுத்தான் வருவேன்" என்றாள்.

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இது நம்ம கடை ப்ரேம் இல்லையே."

"ஆன்லைன்ல வாங்கினது சார். போட்டா கண்ணை இழுக்குது."

அவர் முகம் சுருங்கிப்போனது. டப்பாவை மூடி அவள் பக்கமாக நகர்த்தினார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வெளியில வாங்கினதுல நாங்க கை வைக்கறதில்ல. வாங்கறது அங்க, வலி வந்தா மட்டும் இங்கயா?"

"அதானே" என்றாள் அக்கா. கூடவந்தவள் யார் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

அவள் டப்பாவைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், என் கடையில தொங்கற துணில முக்காவாசி ஆன்லைன்ல வாங்கினதுதான். இதுவரைக்கும் ஒருத்தரையும் நான் வாசல்ல நிக்க வச்சுத் திட்டினதில்ல. ஏன் அங்க வாங்கினேன்னு கேட்டா, எனக்கு ஏது பொழப்பு? வேலைக்கு உண்டான கூலியை வாங்கிக்கறேன், சரி பண்ணித் தர்றேன். நீங்களும் கூலி வாங்கிக்குங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. போன வருஷம் அவருடைய கோட் ஒன்றை இவள்தான் இடுப்பில் பிடித்துக் கொடுத்திருந்தாள்; அதுவும் ஆன்லைனில் வாங்கியதுதான். அது ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணாடியை எடுத்துப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்தார். லென்ஸில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பவர் சரியாத்தான் போட்டிருக்காங்க. கண்ணுக்குக் கண் தூரம் யாரு எடுத்தது?"

"நான்தான். டேப்புல."

"டேப்புல எடுத்தாலும் இவ்வளவு அகலமா வராதேம்மா. உங்க பவருக்கு இது ரொம்பப் பெரிய தப்பு."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் எழுத்துப் பலகை இருந்தது. அதன் மேல் எழுத்தையே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் லூஸ் விட்டேன்" என்றாள்.

"என்னது?"

"லூஸ். எடுத்த அளவை அப்படியே குடுத்தா இறுக்கிப் பிடிக்குமில்ல. எப்பவும் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவோம். கை தானா சேர்த்துடுச்சு."

அவர் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். தாக்குப்பிடிக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணுக்கு லூஸ் விட்டாளாம் சார்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் தொழிலே தன் காலை வாரிவிட்டால் வேறு என்னதான் செய்வது?

சிரித்து முடித்ததும் அவர் இளகிவிட்டார். லென்ஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். ஆனால் இத்தனை பெரிய ப்ரேமில் ஓரம் தடியாகத்தான் வரும், அதனால்தான் இவ்வளவு நாளும் சின்னதாகக் கொடுத்தேன் என்றும் சொன்னார். அதற்குள் அக்கா எழுந்துபோய் ஸ்டாண்டின் கீழ் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்துவிட்டாள். சின்னது. பழுப்பு. "சார் சொல்றாரில்ல. இதைப் போட்டுப் பாரு."

பழக்க தோஷம், அவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை வாங்கி மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அதே மாநிற மொத்தை.

"நல்லா இருக்கு" என்றது அக்காவின் குரல்.

"எடுப்பா இருக்கும்மா" என்றது கடைக்காரரின் குரல்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

 அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினாலும் அவர்கள் முகம் தெரியப்போவதில்லை. "என் கடைக்கு வர்றவங்களை நிக்க வச்சுக் காட்டாம நான் ஒரு பட்டன்கூட மாத்தினதில்ல சார். உங்க கடை பூரா நிலைக்கண்ணாடி மாட்டி வச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணுலயாவது என் மூஞ்சி தெரியுதா? அந்த போன்லதான் தெரிஞ்சுது. அதான் அங்க வாங்கினேன். காசுக்காக இல்ல."  

கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "இத்தனை வருஷத்துல நீங்க இதைச் சொன்னதே இல்லையேம்மா" என்றார். பிறகு, "நானும் கேட்டதில்ல" என்றார். உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். "கான்டாக்ட் லென்ஸ். ட்ரயலுக்கு வச்சிருக்கறது. உங்க பவருக்குக் கிட்டத்தட்ட இருக்கு. வாங்கச் சொல்லல. ப்ரேம் பாக்கற வரைக்கும் போட்டுக்குங்க, அப்புறம் கழட்டிடலாம்." அவள் தலையாட்டியதும், "இதை மட்டும் ஆன்லைன்ல வாங்கிடாதீங்க. முக்கியமா நீங்க அளவெடுத்து வாங்கிடாதீங்க" என்றார்.

கண்ணை நன்றாகச் சோதித்துவிட்டு அவர் லென்ஸை விரல் நுனியில் ஏந்தி வந்தார். அவள் இமை மூடி மூடிக்கொண்டது. "சிமிட்டாதடி, மேல பாரு" என்று வார்டுக் குரலில் அதட்டி, அக்கா இமையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண். இன்னொரு கண். கண்ணீர் கொட்டியது. துடைத்துவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மொத்தை இல்லை. ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் ஆழமான தழும்பு. நெற்றியில் ஒரு கோடு. அதெல்லாம் இருக்கும் என்று தெரிந்ததுதான். தெரியாதது கண். கண்ணாடிக்குள் எப்போதும் சுண்டிப்போய், பட்டன் துளை அளவுக்குத் தெரிகிற கண்களைத்தான் அவள் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். இவை பெரிய கண்கள். போனில் எடுத்த படத்தில் ப்ரேம்களைத்தான் பார்த்தாளே தவிர, இதைக் கவனிக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. கூடவே, இத்தனை நாள் யாரோ ஒளித்து வைத்திருந்ததுபோல் கோபமும் வந்தது.

"சின்ன வயசுல உன் கண்ணு இப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா. சிரிப்பெல்லாம் போன குரல். "முதல் கண்ணாடி போட்டுட்டு நீ ஸ்கூலுக்குப் போனப்ப, பசங்க சோடாபுட்டின்னு கத்தினாங்க. நான்தான் விரட்டிட்டு ஓடினேன். அன்னைக்கே நினைச்சேன், இவ முகத்துல கண்ணாடி இருக்கறதே யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

அக்காவின் முகத்தை அவள் நிலைக்கண்ணாடியிலேயே பார்த்தாள். இந்தக் கடையில் இதற்குமுன் அந்த முகத்தைத் தெளிவாகப் பார்த்ததில்லை. ப்ரேம் எடுக்கும்போது அக்கா எப்படிப் பார்ப்பாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாதே. கவலையோடுதான் பார்த்திருக்கிறாள். கோபம் பாதி இறங்கியது. பாதி இருக்கட்டும், வேலை இருக்கிறது.

"அந்தப் பசங்களுக்கெல்லாம் இப்ப வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்திருக்கும்க்கா" என்றாள். "நீ அந்த நாற்காலில உட்காரு. கண்ணை மூடிக்கோ."

"எதுக்குடி?"

"மூடிக்கோ. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது. சார், நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது."

அக்கா கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர், "சொல்றதைக் கேளுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, அழுக்கே இல்லாத மேஜையைத் துடைக்கப் போய்விட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

அவள் ஸ்டாண்டின் முன்னால் நின்றாள். கரும்பச்சையை மாட்டினாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், உட்கார்ந்து பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒரு கறுப்பை எடுத்தாள். அவசரமே படவில்லை. பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, விரல்கள் துடித்தன, ஆனால் விலகவில்லை.

"ஏய்," என்று கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள் அக்கா, "எப்படிடி இருக்கு?"

அவள் கறுப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை உயர்த்தி, மேல் வரிசைக்குக் கையை நீட்டினாள்.