தாய்வோவுக்கும் ஓர் இருக்கை

...பஸ்ஸில் மூன்று இருக்கை, ஆமாம், மூன்றுதான், ஜன்னலோரம் அவள், நடுவில் புருஷன் கெஹிந்தே, அந்தப் பக்கம் அவன் கூடப்பிறந்த தாய்வோ, அப்புறம் இரண்டு பேரும் எப்படிப் பேசாமல் வருகிறார்கள் பார்க்கலாம் என்று நினைத்தபடியே இசோகென் வாழைப்பழத் துண்டுகளை எண்ணெயில் போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் லாகோஸை விட்டால் பொழுது சாய்வதற்குள் இக்போ-ஓரா, அவனுடைய ஊர், ஊரெல்லாம் இரட்டையர்கள், மறுநாள் அவர்களுக்கென்றே திருவிழா, ஒரே துணி உடுத்தி ஜோடி ஜோடியாகத் தெருவை அடைத்துக்கொண்டு வருவார்களாம், வெண்டை இலைக் குழம்பைத் தின்றுதான் இப்படிப் பெற்றுப் போடுகிறார்களாம், தின்று பார்த்துவிட வேண்டியதுதான், கல்யாணமாகி எட்டு மாதம், எங்கே போனோம் இரண்டு பேரும்?... ஆனால் அவன் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறதே, கெஹிந்தே என்றால் இரட்டையில் இரண்டாவது, தாய்வோ என்றால் முதலாவது, பெயரைக் கேட்டவர்கள் அடுத்து தாய்வோ எங்கே என்பார்கள், "லாகோஸ்ல இருக்கான்" என்பான், அத்தோடு வாய்க்குப் பூட்டு. இதே லாகோஸில் இருந்துகொண்டு கல்யாணத்துக்கு வரவில்லை, ஒரு போன் இல்லை, அப்படி என்ன சண்டை, நிலமா, பெண்ணா? பெனின் நகரத்துக்காரி அவள், இந்த யொருபாக்காரர்களின் வீம்பு அவளுக்குப் பிடிபடவில்லை... மாமியாரைக் கேட்டால், "அவன் லாகோஸ் போயிட்டாம்மா", அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள், பாவம். அதனால்தான் ஒரே துணியில் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள், போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கோபமாவது கத்தரிக்காயாவது.

கெஹிந்தே பின்னால் வந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சூடு தாங்காமல் குதித்தான். "ஆறட்டும்னு பொறுக்க மாட்டியா? சரி, கேளு. ஊருக்கு உன் அண்ணனையும் கூட்டிட்டுப் போறோம். நம்பர் குடு, நான் பேசறேன்." "தம்பி," என்றான் அவன். "எங்க ஊர்க் கணக்குல முன்னால பொறந்தவன்தான் தம்பி. உலகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாடான்னு அண்ணன் அவனை முதல்ல அனுப்புவான்." "பார்த்த கையோட சண்டையாக்கும்!" அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, அடுப்பை அணைத்தான். "இசோகென், எங்க ஊர்ல இரட்டைல ஒண்ணு செத்தா, செத்துட்டான்னு சொல்ல மாட்டோம். லாகோஸ் போயிருக்கான்னுதான் சொல்லுவோம். அவன் ஆறு வயசுல போனான். காய்ச்சல்."

ஐயோ, எட்டு மாதமாக... கல்யாணப் பந்தலில் அத்தனை பேர் முன்னால், உன் அண்ணனுக்கு என்னைப் பிடிக்கலையா என்று கேட்டாளே, பாவி... "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க," என்றான், "ரொம்ப வருஷம் நம்பினேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும், வேலைன்னு வந்தப்ப லாகோஸ்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன்." எண்ணெய்க் கையோடு அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள், இவன்மேல் எவ்வளவு பிரியம் பொங்குகிறது, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லாமல்... பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, "போலாம்," என்றான் தோளுக்குள்ளிருந்து அவனே, போகலாம்தான், ஆனால் அங்கே யாராவது, லாகோஸ்ல இருந்துதானே வர்றீங்க, தாய்வோ சௌக்கியமா என்று கேட்டுவிட்டால்?... இவன் வாய் திறப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சௌக்கியம் என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனோ அது பொய் என்றும் படவில்லை.