கோழி அடைகாத்த பெட்டி

காத்தாயிக்கு ஜோசியத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. அவள் நம்பியதெல்லாம் தேயிலைத் தூள் அடைக்கும் பலகைப் பெட்டிகளைத்தான். இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சம்பளம் குறைவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நடக்கும், அதற்கு முன்னால் கங்காணியின் பேச்சு மாறும், அதற்கும் முன்னால் காலிப் பெட்டி ஏற்றிவரும் லாரி குறையும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. எழுபத்து மூன்றில் லாரி குறைந்ததைப் பார்த்துவிட்டுக் கிடைத்த மாவையெல்லாம் சேர்த்து வைக்கச் சொன்னாள். தங்கை தெய்வம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று மாதம் கழித்துத் தோட்டமே பசியில் கிடந்தபோது, அந்த மாவில் ரொட்டி சுட்டவளும் அவளேதான்.

அன்றிலிருந்து தெய்வம்மாவுக்கு அக்கா சொன்னால் வேதவாக்கு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புருஷனை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டுக் கப்பலேறிய காத்தாயி, குன்னூர் மலையில் ஒரு தோட்டத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், தெய்வம்மாவின் கடிதம் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டதாம். இந்த மாதமே பிள்ளைகளோடு கப்பலேறலாம், வேண்டாமென்றால் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம். அங்கே எனக்கும் அவருக்கும் வேலை கிடைக்குமா, பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தாள்.

பெட்டி நல்லதாகவே சொன்னது. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கும்போது, முதலில் ஃபாக்டரி தெரியாது, வராந்தாவில் அடுக்கி வைத்த வெள்ளைப் பலகைப் பெட்டிகள்தான் தெரியும். ஆளில்லாத ஒரு சின்ன ஊர் மேகத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும் அந்த ஊர் உயர்ந்துகொண்டே போயிற்று. காத்தாயி நின்றுகொண்டே கனவு கண்டாள். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே தெய்வம்மாவின் பிள்ளைகள் ஒளிந்து விளையாடின. கங்காணி அதட்டியதும் பிள்ளைகள் பனிக்குள் கரைந்துபோயின.

அன்று மாலையே பதில் எழுதினாள். பெட்டி கூரையை முட்டுகிறது, பயப்படாமல் வா என்று எழுதிவிட்டு, அடியில் இடம் மிச்சமிருந்ததால் மனசில் இருந்ததையும் சேர்த்தாள். 'பக்கத்து நிரையில நீ நிக்கிறாய்னு நினைச்சுக்கிட்டேதான் தினமும் கொழுந்து எடுக்கிறேன். பேசலாம்னு திரும்பினா பனிதான் நிக்குது.' கடிதம் திங்கட்கிழமை தபாலில் போயிற்று.

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுக்க வந்த பெண்களெல்லாம் வராந்தாவில் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டி, முன்வரிசையில் சாய்ந்து கிடந்த பெட்டிக்குள் வாட்ச்மேன் எல்லப்பனின் கோழி குஞ்சு பொரித்திருந்தது. ஒன்பது குஞ்சுகள். காத்தாயியும் குனிந்து பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோழி அடைகாக்க இருபத்தோரு நாள் ஆகுமே.

அவளுடைய பழைய தோட்டத்து ஸ்டோரில் முன்வரிசைப் பெட்டி மூன்று நாள் தங்கினால் அதிசயம். இங்கே ஒரு கோழி குடும்பமே நடத்தியிருக்கிறது. எல்லப்பனிடம் இந்தப் பெட்டியை யாரும் எடுக்கவே இல்லையா என்று கேட்டாள்.

"யாருங்க எடுக்கப் போறாங்க? தூள் கட்டுறது நின்னு ஒரு மாசமாச்சுங்க. ஏலத்துல வாங்க ஆளில்லையாமா. முன்னாடியே சொல்லி வெச்ச பெட்டி மட்டும் வந்துட்டே இருக்குதுங்க."

காத்தாயி அடுக்கை இன்னொரு தடவை பார்த்தாள். பதுளையில் அவள் எண்ணியது வந்து போகிற பெட்டிகளை. இங்கே அண்ணாந்து பார்த்து மயங்கியது போகாமல் நின்றுவிட்ட பெட்டிகளை. எத்தனை வருஷத்துக் கெட்டிக்காரத்தனம், ஒரு கோழிக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தங்கை குடும்பத்தைப் பட்டினிக்குக் கூப்பிட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் குன்னூருக்கு ஓடினாள். பர்லியாரிலிருந்து வந்த பஸ் மங்குஸ்தான் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தது. தெய்வம்மாவுக்கு இந்தப் பழம் பிடிக்கும் என்று நினைத்ததும், தந்தி ஆபீஸ் வாசலில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தந்தி கொடுத்தாள். 'சீசன் மோசம். இப்போது வர வேண்டாம்.' கடிதத்துக்கு முன்னால் தந்தி போய்ச் சேர்ந்துவிடும். அந்த மட்டுக்கும் நிம்மதி. தங்கை வரமாட்டாள் என்பதில்தான் நிம்மதி இல்லை.

ஆவணியில் கோழிப் பெட்டி சொன்னபடியே நடந்தது. கங்காணியின் பேச்சு மாறியது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் அரைப்பேர்தான் என்றார்கள். அரைநாள் வேலை, அரைநாள் கூலி. மத்தியானமே லயத்து வீட்டுக்குத் திரும்பி, எதிரே மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள் காத்தாயி. நல்லவேளை வரச் சொல்லவில்லை என்று வாய் சொல்லும். மனசு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை தபால்காரர் கார்டு ஒன்றைக் கொடுத்தார். இலங்கைத் தபால்தலை இல்லை. இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் முதலில் தங்கும் மண்டபம் முகாமிலிருந்து வந்திருந்தது. தெய்வம்மாவின் கோணல் எழுத்து.

'அக்கா, தந்தி முதல்ல வந்திச்சி. கடுதாசி பின்னால வந்திச்சி. தந்தி நீ பெட்டியப் பார்த்து எழுதினது. கடுதாசியில கடைசி ரெண்டு வரி என்னை நினைச்சு எழுதினது. அரைவயிறுன்னாலும் பரவாயில்லை. பக்கத்து நிரைக்கு வாறோம்.'

நாலைந்து தடவை படித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போனாள். கோழி படுத்த பெட்டியில் இனிமேல் தூள் அடைக்க முடியாது என்று எல்லப்பன் அதை ஓரமாகப் போட்டு வைத்திருந்தான். பிள்ளைகள் வருகிறார்கள், துணிமணி வைக்க வேண்டும், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கங்க. இப்போதைக்கு அதைக் கேக்க ஒருத்தரும் இல்லீங்க" என்றான் எல்லப்பன்.

"நான் கேக்கிறேனே" என்றாள் காத்தாயி. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.