ஓலைக்குத் தனிக் கட்டம் இல்லை

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஜன்னலோர மழை, மனசுக்குள் ஒரு வரி, அதெல்லாம் கிடையாது. துபாயின் அல் கூஸில் ஜன்னலைத் திறந்தால் டயர் குடோன்தான் தெரியும். அந்தக் குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில்களில் இருக்கும் பழைய பதிவேடுகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள். நாங்கள் பார்த்துத் தட்டச்சு செய்வோம். அங்கே ஓய்வுபெற்ற யாரோ ஒருவர் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டு வந்து, பூட்டனுக்குப் பூட்டன் கிடைத்தான் என்று மகிழ்ந்து போவார்.

[இங்கே, என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது என்று ஒரு வரி இருந்தது. உண்மைதான். ஆனாலும் அடித்துவிட்டேன். அது வாசகரிடம் கண்ணீர் கேட்கிற வரி.]

என் பக்கத்து இருக்கை ஷாஜினி. கதை அவளுடையது. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

"எழுதிக்க. ஆனா என்னைய அழ வைக்காத. நான் ஒண்ணும் அழல்லியே," என்றாள்.

2.

முதல் தொடக்கம்: "கன்னியாகுமரிக் கடலோரத்தில், விடியற்காலை மணியோசை—" வேண்டாம். மணியோசையில் தொடங்கிய கதைகளை அடுக்கினால் இன்னொரு கோயில் கட்டலாம்.

இரண்டாம் தொடக்கம்: "ஷாஜினிக்கு இருபத்தாறு வயது, மாநிறம், அளவான—" தரகர் எழுதியது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது: "ஹன்னா பிட்டாக்கைக் கட்டிக்கொடுத்தவள் ஷாஜினி." இது நிற்கட்டும்.

ஹன்னா, பதிவேட்டில் வந்த ஓர் இங்கிலாந்துப் பெண், செத்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அவளுக்கும் ஒரு தச்சனுக்கும் அவள் ஊர்க் கோயிலில் ஓலை* வாசித்திருக்கிறார்கள். முதல் ஞாயிறு தேதி இருக்கிறது. இரண்டாம் ஞாயிறு தேதி இருக்கிறது. மூன்றாவதற்கு நேரே தேதி இல்லை. பாதிரியார் கோணல் கையெழுத்தில், பெண் தானே எழுந்து மறுத்துவிட்டாள் என்று குறித்திருக்கிறார்.

(* கோயிலுக்குப் போகாத வாசகருக்கு: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதுதான் ஓலை வாசிப்பது. தடை இருந்தால் யாரும் சொல்லலாம். ஓலை என்பது அறிவிப்பு மட்டுமே, கல்யாணம் அல்ல. வம்சம் தேடுகிறவர்கள் வழக்கமாக விழுகிற குழி இது. ஓலைத் தேதியைப் பார்த்தவுடன் கல்யாணம் முடிந்ததாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.)

ஷாஜினி டீம் லீடரைக் கூப்பிட்டாள். சுஐபு பாய் காயல்பட்டினத்துக்காரர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பாய், இதுல கல்யாணம் நடக்கல்ல. பொண்ணு வேண்டாம்னுட்டா."

"தேதி இருக்கா?"

"ஓலை வாசிச்ச தேதி இருக்கு."

"அதைப் போடும்மா."

"அது கல்யாணத் தேதி இல்ல பாய்."

"நம்மகிட்ட மூணு கட்டம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். இவ பொறக்கவும் இல்ல, சாகவும் இல்ல. பின்ன எங்க கொண்டு போடுவ?"

"காலியா விட்டிரவா?"

"காலியா விட்டா சிஸ்டம் வாங்காது. அங்க ஒரு பெரியம்மா தாத்தா வேணும்னு உக்காந்திருக்கு. குடுத்து அனுப்பு. கலாஸ், முடிஞ்சுது."

ஷாஜினி இரண்டாம் ஞாயிறு தேதியைப் போட்டாள். பச்சை டிக் வந்தது. எழுந்து நின்று மறுத்தவள் இருநூறு வருஷம் கழித்து ஒரு டயர் குடோனின் மாடியில் தச்சனுக்குப் பெண்டாட்டி ஆனாள்.

அன்று சாயங்காலம் சித்தி சுகிர்தராணியிடமிருந்து ஷாஜினிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "எட்டி, உனக்க ஓலை வாசிச்சாச்சு பிள்ள. மாப்பிள்ள பேரு எபின்னு சாமியார் சொன்னப்ப எல்லாரும் திரும்பிப் பாத்தாவ."

[நாள் அப்படியே ஒத்துப்போனதா என்று கேட்காதீர்கள். ஒத்துப்போகவில்லை. நடுவில் நான்கு நாள் இருந்தது. நான்தான் சுருக்கினேன்.]

3.

வளைகுடாக்காரர்களுக்கு ஊரில் ஒரு சலுகை உண்டு. லீவு ஒரு மாதம். வந்திறங்கிய பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் லீவே முடிந்துவிடும். ஆகவே பிள்ளை வருமுன்பே வாசித்து முடித்துவிடுவார்கள். மண்டபம், பட்டுச்சேலை எல்லாம் தயாராக இருக்கும். பிள்ளை வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி. பையன்களுக்கு இது வசதி. பெண்களுக்கும் வசதி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஷாஜினி அப்பாவைக் கூப்பிட்டாள். வில்பிரட் விசைப்படகு ஓட்டுகிறவர்.

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?"

"வேண்டாம்னும் சொல்லல்லியே."

"ஈஸ்டருக்குச் சொன்னேன். பொறவு போன மாசமும் சொன்னேன்."

"அது பொம்பளப் பிள்ளைய சொல்லது தானே மக்களே. உனக்க அம்மையும் சொன்னா. பொறவு இருக்கல்லியா?"

"அம்மட்ட குடுங்க."

"அவ மீன் வெட்டிட்டிருக்கா." அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "உன்னைய காலேஜுக்கு அனுப்பினப்ப ஊரே சிரிச்சு. பொட்டப்பிள்ள படிச்சு கப்பலா ஓட்டப் போறான்னு கேட்டானுவ. நான் ஒருத்தன் நின்னேன் உனக்கு. இப்ப எனக்கு நீ நிக்காண்டாமா?"

வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதில்லை. மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அப்பா கொடுமைக்காரராக இருந்தால் சண்டை போடலாம். இவர் ஊரோடு சண்டை போட்டு இவளைப் படிக்க வைத்தவர். அந்த நன்றியைத்தான் இப்போது கழுத்தில் கட்டச் சொல்கிறார்.

4.

எபினிடம் எனக்குத் தகராறு. அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். "எபின் மூன்றாவது கிளாஸை வைத்துவிட்டுக் கையை ஓங்கி—" ஒரு பக்கம் ஓடியது. எழுத எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. குவைத்தில் ஃபர்வானியாவில் நர்ஸாக இருக்கும் என் சிநேகிதி ரினிக்கு அனுப்பினேன். டூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து பதில் போட்டாள்.

"அவன் பாவம், அப்பிடி இல்லன்னு நீ தானே சொன்னே? கெட்டவன் ஆக்கினா உனக்கு வேலை லேசு. அதுக்கு அவன் என்ன செய்வான்?"

கிழித்துவிட்டேன். எபின் அபுதாபிக்கு அப்பால் ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை டெக்னீசியன். குடிப்பதில்லை. ஷாஜினியை நீங்க என்றுதான் கூப்பிடுகிறான்.

"இங்க ஃபேமிலி குவார்ட்டர்ஸ் தருவாவ. பீச் உண்டு. ஒரு மால் கூட உண்டு," என்றான்.

"எனக்க வேலை?"

"அது விட்டிரலாம். துபாய் தூரமாக்கும் இல்லியா. ஹஸ்பண்ட் விசாவுல மாத்திக்கலாம், ஈஸி."

"எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னா?"

"வேலைய விடவா?"

"கல்யாணத்துக்கு."

"என்னையப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாவளா? இல்லேனா நீங்க வீட்ல பேசுங்க. நான் பேசினா மாமா சங்கடப்படுவாவ."

நல்லவன்தான். இந்தக் கதையில் எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கம்பெனி விசாவிலிருந்து புருஷன் விசாவுக்கு. விசாவுக்குப் பொறுப்பாளியான கஃபீல் மாறுகிறான், அவ்வளவுதான். முதல் கஃபீலிடமாவது ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.

5.

இரண்டாம் ஓலையன்று ஷாஜினி பூசையை லைவில் பார்த்தாள். பங்குக் கோயிலுக்கு யூடியூப் சேனல் உண்டு. பாதி ஊர் கடல் தாண்டி இருப்பதால் உள்ளே இருப்பதைவிட லைவில்தான் கூட்டம் அதிகம். அவள் பெயர் வாசிக்கப்பட்டபோது கீழே கமெண்டில் எழுதினாள்: "எனக்கு இதில் சம்மதமில்லை. ஷாஜினி, வில்பிரட் மகள்."

அதற்குக் கீழே மஸ்கட்டிலிருந்து கூப்பிய கைகள் வந்தன. தோஹாவிலிருந்து "வாழ்த்துகள் தங்கச்சி" வந்தது. யாரோ ஆமென் போட்டார். பிறகு அவள் எழுதியது காணாமல் போயிற்று. வாழ்த்துகள் அப்படியே இருந்தன.

அப்பா கூப்பிட்டார். "எவனோ உனக்க ஐடியில கேறி விளையாடியிருக்கான் மக்களே. பாஸ்வேர்ட மாத்து."

அவள் பங்குச் சாமியாருக்கே போன் போட்டாள்.

"தடைன்னா என்னன்னு தெரியுமா பிள்ள? ரத்த உறவு, முன்னாடியே ஒரு கல்யாணம், இப்பிடி. உனக்கு அங்க ஆள் ஏதாவது உண்டுமா?"

"இல்ல ஃபாதர்."

"பின்ன?"

"எனக்கு இஷ்டமில்ல."

"அது தடையில்ல. அது சம்மதம் சம்பந்தப்பட்டது. கல்யாணத்தன்னிக்குப் பீடத்துல வச்சு கேப்போம், அப்ப சொல்லலாமே."

"அப்ப ஆயிரம் பேருக்கு பிரியாணி வெந்திருக்குமே ஃபாதர்."

"ஜெபம் பண்ணு பிள்ள."

இந்த இடத்தில் ரினிக்கும் எனக்கும் மறுபடி சண்டை. "ஒரு காதலனைப் போடேன். இல்லேனா ஏன் வேண்டாங்கான்னு வாசிக்கவியளுக்குப் புரியாது."

போட்டுப் பார்த்தேன். "பாண்டித்துரை ஏசி மெக்கானிக். ஒருநாள் லிஃப்டில் அவள் கையிலிருந்த—"

இல்லை. பாண்டித்துரை என்று ஒருவன் இல்லை. ஓர் ஆணுக்காக இன்னோர் ஆணை வேண்டாம் என்றால் அது காரணம். சாமியாருக்குப் புரியும், அப்பாவுக்குப் புரியும், உங்களுக்கும் புரியும். வெறுமனே வேண்டாம் என்றால் அது திமிர். அவள் வேலைக்குப் போய், தன் அறைச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு இருக்க ஆசைப்படுகிறாள். இதற்கு மேல் காரணம் என்னிடம் இல்லை. அவளிடமும் இல்லை.

6.

ஹன்னாவும் ஷாஜினியும் பக்கத்துப் பக்கத்தில் மிக அழகாகப் பொருந்திவிட்டார்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம். நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் பொருந்தவில்லை. ஹன்னாவுக்கு அந்தக் கோயிலில் ஒரு பெஞ்சு இருந்தது. எழுந்தாள், சொன்னாள். பிடிக்காவிட்டாலும் பாதிரியார் அதை எழுதி வைத்தார். ஷாஜினி சொன்னதை எழுத யாரும் பேனா எடுக்கவில்லை. நாளைக்கு இவள் வம்சத்தை எவளாவது தேடி வந்தால் மூன்று தேதிகளும் சுத்தமாக இருக்கும்.

7.

முடிவுகளை எழுதி ஷாஜினியிடமே காட்டினேன். கேன்டீனில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே படித்தாள்.

முதல் முடிவு: லீவில் போகிறாள். பீடத்தில் சாமியார் கேட்கிறார். இல்லை என்கிறாள். கூட்டம் உறைகிறது.

"கதை படிச்சவிய கைதட்டிட்டு அவிய வீட்டுக்குப் போவாவ," என்றாள். "அன்னிக்கு ராத்திரி நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

இரண்டாம் முடிவு: கட்டிக்கொள்கிறாள். ருவைஸ் குவார்ட்டர்ஸ். இங்கிலீஷ் பேசும் ஒரு குழந்தை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீச். யாரும் அழவில்லை.

"இது தான் நடக்கும்னு சுஐபு பாய் சொல்லுதாரு. எல்லாரும் இருக்காங்கல்லம்மான்னு. இருப்பேன் தான். இருக்கதுக்கு என்ன?"

மூன்றாம் முடிவு: லீவை ரத்து செய்துவிட்டு இங்கேயே இருந்துவிடுகிறாள். கல்யாணத்தன்று புது வேட்டி கட்டிய வில்பிரட், கோயில் வாசலில் ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்து—

அவள் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இதை மட்டும் முழுசா எழுதாத."

எழுதவில்லை. மேலே பாதியில் நிற்பது அப்படியே நிற்கட்டும்.

"கடைசியில நீ என்ன முடிவு போட்ட?" என்று கேட்டாள்.

"போடல்ல."

"நல்லது. மத்த எல்லாரும் எனக்குப் போட்டுத் தந்துட்டாவ."

8.

நாளை ஞாயிறு. மூன்றாம் ஓலை.

சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்துவிட்டு முறைப்படி ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: இவர்கள் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர் எவராயினும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். ஊர்க்காரர் என்று அதில் இல்லை. ஆண் என்றும் இல்லை, கத்தோலிக்கர் என்றும் இல்லை. அறிந்தவர் என்றுதான் இருக்கிறது. அவளுக்கு விருப்பமில்லை என்பதை வில்பிரட் அறிவார். எபின் அறிவான். சாமியாரே அறிவார். மூவரும் நல்லவர்கள், பேச மாட்டார்கள். நான் பேசினால் துபாயில் கெடுத்துவிட்ட கூட்டுக்காரி என்பார்கள்.

இந்தக் கதையைத் தொடங்கியபோது நீங்கள் அறியாதவர். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு வழியில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். அவளுக்காக எழுந்து நிற்க எனக்குப் பெஞ்சில் ஆள் வேண்டும்.

அது தடையே இல்லை என்று நீங்களும் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் உட்கார்ந்துகொண்டே மனசுக்குள் சொல்லாதீர்கள்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு சாமியார் தாளை மடிப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், அடுத்த பாட்டுக்குக் கையைக் காட்டுவார். அவ்வளவு நேரம்தான் உங்களுக்கு.