செம்மலை இறங்கிய மணல்

1963 தை மாதம், பள்ளத்தூர்ப் பள்ளி மைதானத்தில் உயரம் தாண்டிய ஒக்கூர்ச் செம்மலை, காலை பத்தரைக்கு எழும்பியவர், மாலை நாலு மணிவரை இறங்கவில்லை. கம்புக்கு இரண்டு முழம் மேலே சம்மணம் போட்டிருந்தார். தரை தொடாத தாண்டல் கணக்கில் சேராது என்று எழுதிவிட்டு நடுவர்கள் பஸ் ஏறினார்கள். அந்தச் செம்புறாங்கல் தரையில் முன்பு விழுந்து கணுக்கால் முறிந்தவர் அவர், இறங்கப் பயம். காரணம் என்னவென்று கேட்டவர் பள்ளிக்கு எதிர்வீட்டுக் கண்ணம்மை ஆச்சி மட்டும்தான். தன் கல்யாணச் சீராக வந்து முப்பது வருஷமாகப் பிரிக்காத இலவம்பஞ்சு மெத்தைகளை ஆள்வைத்துத் தூக்கிவந்து விரித்தார். "எறங்குப்பா, வலிக்காது" என்றார். செம்மலை இறங்கினார்.

அதன்பிறகு செம்மலைக்காகப் பேசியது ஆச்சிதான். பந்தயக்காரர்களுக்குக் கடிதம், ரயில் டிக்கெட், மெத்தைக்குத் தனிச் சீட்டு, எல்லாம் அவர் பொறுப்பு. பரிசில் பத்தில் ஒன்று அவருக்கு. மதுரையில் ஒரு பஸ் முதலாளி, தன் கம்பெனி பெயர் தைத்த பனியனோடு வந்தார். ஆள் மேலே இருக்கும்வரை ஊரே அண்ணாந்து படிக்கும் அல்லவா? மணிக்கணக்கில் பணம் தருவதாகவும், மெத்தையை மட்டும் விரிக்க வேண்டாமென்றும் சொன்னார். "ஒங்க பேரு மேல நிக்கிறதுக்கு எங்க ஆளு பட்டினி கெடக்கணுமாக்கும்?" என்று ஆச்சி பனியனைத் திருப்பிக் கொடுத்தார். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைத்தாள் என்று காரைக்குடியே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் உண்டு.

மூன்று வருஷத்தில் பஞ்சு சப்பையாகிவிட்டது. திருச்சியில் செம்மலை மூன்று நாள் மேலேயே இருந்தார். மழை பெய்து மண் இளகிய பிறகுதான் வந்தார். இன்னொரு முறை போனால் வருவது சந்தேகம் என்றார் வைத்தியர். தாண்டாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. சாக்கோட்டையில் மணல்குழியோடு மைதானம் அமைக்கலாம், ஊர் பாதி போட்டால் சர்க்கார் பாதி போடும், ஆனால் பங்குனிக்குள் என்றது யூனியன் அலுவலகம். ஆச்சிக்குத் தெரிந்த வழி கோயில் வழிதான்: புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிக்கும் புள்ளி வரி. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஆச்சியைப் போலத் துணையை இழந்தவர் அரைப்புள்ளி. வீடுவீடாக ஏறி இறங்கினார். கெடுவின் கடைசி நாள் அரைப்புள்ளி குறைந்தது.

"என்னைய எழுதுங்க ஆச்சி" என்று குரல் வந்தது. காலையில் தாண்டிய செம்மலை வேப்பமர உயரத்தில் இருந்தார்.

"கல்யாணம் ஆகாதவன், நம்ம கோயில்காரனும் இல்ல. எப்புடிப் புள்ளியாவான்?" என்றார் பட்டியல் எழுதிய ஆண்டியப்பச் செட்டியார்.

"நம்ம கணக்கு தரையில நிக்கிறவுகளுக்குத்தானே அண்ணே? அவுக மேலயில்ல இருக்காக" என்றார் ஆச்சி.

செட்டியார் அண்ணாந்து பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. எழுதினார். அன்றிரவு சப்பை மெத்தைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செம்மலையை இறக்கினார்கள்.

1967 ஆவணியில் ஆற்றுமணல் கொட்டி மைதானம் திறந்தார்கள். செம்மலை ஆறடி தாண்டி, எல்லோரையும் போல உடனே விழுந்தார். முதன்முறையாக, மெத்தை இல்லாமல் அவர் தாண்டியது கணக்கில் ஏறியது. ஒரு கை மணலை அள்ளி வைத்துக்கொண்டு அழுதார். சிரித்த நாங்களும் அழுதோம். ஆச்சி இல்லாவிட்டால் அவர் இன்னும் மேலேதான் இருந்திருப்பார்.

இப்போது, 1974-இல், ஆச்சி பேசிக்கொடுக்கும் ஆட்டக்காரர்கள் பதினொரு பேர். வருஷத்துக்கு ஒருவராவது மேலேயே தங்கிவிடுகிறார். கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல்லில் கடைசி இரண்டு வரி: கண்ணம்மை ஆச்சி, அரைப்புள்ளி, செம்மலை, அரைப்புள்ளி. அதன் கீழே மைதான விதி ஒன்றே ஒன்று: மேலே போனவர் இறங்கும்வரை கீழே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு என் முறை.