முன்சக்கரத்தில் கனத்த இடம்

பாண்டீஸ்வரன் இறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது, அவன் தங்கை முருகலட்சுமி அவனுடைய வண்டியின் பின்னால் ஒரு கரிமூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நடு ஸ்டாண்டில் நின்ற வண்டி பின்பக்கம் சாய, முன்சக்கரம் தரையைவிட்டு நான்கு விரல் உயர்ந்தது.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த ஆண்கள் பந்தலுக்குள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாருக்குடீ," என்றாள் அப்பாவின் தங்கை சரஸ்வதி. "எழவு வீட்ல பொம்பளப்புள்ள வண்டி ரிப்பேரு பாக்குறா. இதுக்குத்தான் மூணு வருசம் அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸு ஏறிப்போயி பிசிக்ஸு படிச்சியாக்கும்?"

"ஆமாத்தே. இதுக்குத்தான்."

நாலு பேர் இருக்கும் இடத்தில் முருகலட்சுமி வாய் திறப்பதே அபூர்வம். குரல் தெளிவாக வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பந்தல்குடி தாண்டி நாலுவழிச் சாலையில் அண்ணன் விழுந்தான். எந்த வண்டியும் மோதவில்லை. சட்டைப் பையில் இருந்த போனில் அவன் மனைவி காளீஸ்வரியின் அழைப்பு ஒன்று எடுக்கப்படாமல் கிடந்தது. பிள்ளையை அறுக்க வேண்டாம் என்று அப்பா கேசு எழுத விடவில்லை. உடலும் வண்டியும் ஒரே லோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தன. விடிவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. பெண்டாட்டி போன் போட்டாள், எடுக்கக் கையை விட்டான், போய்விட்டான்.

காளீஸ்வரியை நாளைக் காலையிலேயே நரிக்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றாள் அத்தை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவள் இங்கே வேண்டாமாம். அப்பா அதைத் தடுக்கவில்லை.

அன்று அண்ணனுக்குப் பின்னால் வந்த லாரியின் டிரைவர் துக்கம் கேட்க வந்தபோது வேறொன்று சொன்னார். "ரொம்பத் தூரமா ஹேண்டிலு படபடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சும்மா. ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிருந்தாரு." அதை யாரும் காதில் வாங்கவில்லை. "லாரிக்காரன் பேச்செல்லாம் ஒரு பேச்சா," என்றாள் அத்தை.

முருகலட்சுமி வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாள். ஹேண்டில் கழுத்து பேரிங்கில் ஆட்டமில்லை. ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினாள். எங்கும் சிக்காமல் இரண்டு பக்கமும் திரும்பியது. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கினாள். அச்சும் சரியாகத்தான் இருந்தது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ரிம்மை ஒட்டிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். குச்சிக்கும் ரிம்முக்கும் இருந்த இடைவெளி மாறவேயில்லை. வண்டி வலப்பக்கம் விழுந்து சறுக்கியிருக்கிறது. சக்கரம் அடிபடவில்லை.

"அதான் ஒண்ணுமில்லேல்ல. விடு தாயி," என்றார் அப்பா கோட்டைச்சாமி.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா."

பிரேக் கம்பியைத் தளர்த்தினாள். சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். அது சுற்றி, தயங்கி, கொஞ்சம் பின்னுக்கு ஆடி நின்றது. தரையைப் பார்த்திருந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். மறுபடி சுற்றினாள். கோடு கீழே வந்து நின்றது. இந்த முறை கோட்டை உச்சிக்குக் கொண்டுவந்து சும்மா விட்டாள். யாரும் தொடாமலே சக்கரம் திரும்பியது. கோடு கீழே இறங்கியது.

அப்பா எழுந்து வந்து தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இந்த எடம் மட்டும் கனமா இருக்குப்பா. ஊருக்குள்ள மெதுவாப் போறப்பத் தெரியாது. வேகம் ரெண்டு மடங்கானா உதறலு நாலு மடங்காகும். அண்ணன் எம்பதுல போயிருப்பான்."

"அப்ப போனு?" என்றாள் அத்தை.

"ரெண்டு கையாலயும் ஹேண்டில அமுக்கிட்டு இருந்தவன் எந்தக் கையால அத்தே போன எடுப்பான்?"

அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

சீட்டுக்கு அடியில் டயர் நெம்பும் கம்பிகள் இரண்டு இருந்தன. முருகலட்சுமி நெம்ப, அப்பா டயரை இழுத்துப் பிடித்தார். டியூப்புக்கும் டயருக்கும் நடுவே, பழைய டயரிலிருந்து அறுத்தெடுத்த பட்டை ஒன்று சுற்றி வைக்கப்பட்டிருந்தது. விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிற காடுகளுக்குள் வண்டி ஓட்டுகிறவர்கள் சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து செய்வது அது. அண்ணனுக்கும் கரி வியாபாரம்தான். ஆனால் இந்தப் பட்டை நீளம் கூடுதல். இரண்டு முனைகளும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கரிக்கோட்டுக்கு நேராக.

அம்மா பேச்சி வந்து அந்தத் தடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக, காளீஸ்வரி உட்கார்ந்திருந்த அறைப்பக்கம் திரும்பினாள்.

"எவன் செஞ்ச வேல இது?" என்றார் அப்பா.

"வேற எவன்? பந்தல்குடி நல்லகண்ணுதான்," என்றாள் அத்தை. "அவன்கிட்டதான பாண்டி வண்டிய விடுவான். ஒர்க்ஷாப்பு வச்சிருக்கானாம் ஒர்க்ஷாப்பு. அவன் கைய முறிச்சுப் போட்டுட்டு வாங்கடா."

பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்று வண்டிகள் உறுமின. அப்பா துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒன்றின் பின்னால் ஏறினார்.

"அப்பா, யாருன்னு தெரியாம..." என்றாள் முருகலட்சுமி. சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கனம் எங்கே என்று சக்கரம் சொல்லும். யார் வைத்தது என்று சொல்லாது.

காளீஸ்வரி நிலைப்படிக்கு வந்தாள். தாலி இழந்தவள் இந்த நாட்களில் அதைத் தாண்டி ஆண்கள் முன் வரக்கூடாது. "உள்ள போடீ!" என்று அத்தை கத்தினாள். அவள் தாண்டி, வெயிலில் நடந்து வந்து, அப்பா இருந்த வண்டியின் முன்னால் நின்றாள். வண்டியை ஓட்டவிருந்தவன் இஞ்சினை அணைத்தான். மற்றவையும் ஒவ்வொன்றாக அடங்கின.

"நல்லகண்ணு அண்ணன் மேல கை வைக்காதீக மாமா." வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "வண்டி கடைக்கே போகல. முந்துன நாள் ராத்திரி நம்ம கொல்லையில வச்சு அவுகளேதான் அந்தப் பட்டைய மாட்டுனாக. நீளமா இருக்கே, மிச்சத்த அறுத்துருவமான்னு கேட்டேன். கெடக்கட்டும்டீ, தடியா இருந்தா நல்லதுதான்னாக. நாந்தான் லைட்டு புடிச்சேன்."