ஆறாயிரம் வேகம்

"சேவ் பண்ணாதீங்க! கையை எடுங்க!"

டெக்னீஷியன் போட்ட அதட்டலில் புது ஆபரேட்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். திரையில் ஒரு மாத உழைப்பில் வரைந்த கடல் காட்சி. அதன் நடுவே பச்சையும் ஊதாவுமாகக் கிழிசல்கள். இப்போது சேமித்தால் அவையும் ஃபைலுக்குள் குடியேறிவிடும். அவள் பாய்ந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். மெஷின் அடங்கியது.

"எல்லாம் போன மாசம் நான் துரத்தின ஆளோட கைங்கரியம்," என்றார் முதலாளி, கதவில் சாய்ந்தபடி. "பதினொரு வருஷம் இருந்தான். கவனமில்லாம ஃபைல் ஃபைலா நாசம் பண்ணிட்டான். ட்ராயர்ல இருக்கிறதை எடுக்கக்கூட விடலை, அப்படியே வாசலோட அனுப்பினேன். தெரிஞ்ச கம்பெனிக்கெல்லாம் போன் போட்டும் சொல்லிட்டேன். இனி இந்த லைன்ல எவனும் அவனைச் சேர்க்க மாட்டான்."

"அவர் போன பிறகும் கிழியுதே சார்?"

"அதுக்குத்தானேம்மா உங்க கடையில சொல்லி உன்னை வரவழைச்சேன்!"

அவள் மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே நான்கு ரேம் ஸ்டிக்குகள், மெஷினின் மெமரிப் பட்டைகள். இரண்டைப் பிடுங்கிவிட்டு டெஸ்ட் ஓட்டினாள், சுத்தம். மற்ற இரண்டை மட்டும் போட்டாள், அதுவும் சுத்தம். நான்கையும் சேர்த்ததும் மூன்றாவது நிமிஷமே பிழை காட்டும் சிவப்பு வரிகள் மளமளவென்று இறங்கின. செட்டிங்கில் நுழைந்து பார்த்தாள். மெமரியின் வேகம் ஆறாயிரம்.

"இதை யார் ஏத்தினது?"

"சத்தியமா நான் இல்லக்கா," என்றான் ஆபரேட்டர்.

"நான்தான்," என்றார் முதலாளி, பெருமையாகவே. "மெமரி பத்தலைன்னு அவன் மூக்கால அழுதான்னு நாலா வாங்கிப் போட்டேன். பெட்டியில ஆறாயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மெஷின் மூவாயிரத்து அறுநூறுன்னு காட்டுது. சும்மா விடுவேனா? வேண்டாம் சார், தாங்காதுன்னு தடுத்தான். நீ யாருடா எனக்குச் சொல்லன்னு ஏத்திவிட்டேன்."

ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன.

"பெட்டியில போட்டது ரெண்டு ஸ்டிக் கணக்கு. நாலும் சேர்ந்தா இந்த மெஷின் அந்த வேகத்துல தப்புத் தப்பாத்தான் எழுதும். அவர் சொன்னதுதான் சரி."

வேகத்தைக் குறைத்தாள். மதியம்வரை டெஸ்ட் ஓடியது. ஒரு சிவப்பு வரி இல்லை.

"கெட்டிக்காரிம்மா நீ! ரிப்போர்ட்ல மட்டும் பழைய ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிடு. கிளையன்ட்டுக்குக் காட்டணும்."

பேனா தாளைக் கிழிக்காத குறை. 'உரிமையாளர் வேகத்தைக் கூட்டியதே காரணம்' என்று எழுதி நீட்டினாள்.

முதலாளி படித்தார். நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "சரி, நானே டைப் பண்ணிக்கிறேன். நீ கிளம்பு."

அவள் கருவிகளைப் பையில் அள்ளினாள். பிறகு நேராக மேஜைக்குப் போய், மூன்றாவது ட்ராயரைத் தேடாமல் இழுத்து, ஒரு பக்கக் காம்பில் கறுப்பு டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"ஏய், அது அவனோடது! உனக்கெதுக்கு?"

"ஒரு மாசமா வீட்டுல எங்கப்பா என்னோட பழைய கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கு மனு எழுதிட்டிருக்கார் சார்."