ஓடையில் மிதந்த சருகுகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், செல்லங்களே. மழைச் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடும். எங்கள் மலாவி நாட்டு மலையடியில் நடந்ததைச் சொல்கிறேன். முடியும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது.

மலைமேல் மிச்சமிருந்த காட்டில் குட்டைப் பச்சோந்தி உண்டு. கட்டைவிரல் நீளம்தான். காய்ந்த இலையென்று நினைத்து எடுத்தால் கைக்குள் வண்டுபோல் அதிரும். பகலில் சருகுக்குள் ஊரும். பொழுது சாய்ந்தால் முழங்கால் உயரக் குச்சியில் ஏறி, வெளிறிப்போய்த் தூங்கும். மரநிழலைத் தாண்டி ஓரடி வைக்காது. அந்த வருடம் சைசி என்பவன் தன் வீட்டுக்கு மேலே இருந்த சரிவை வெட்டி எரித்து மக்காச்சோளம் போட்டிருந்தான்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை அவன் மனைவி எனெலெசி ஓடையில் குடத்தை அமிழ்த்தினாள். தண்ணீர் செம்மண் கரைந்து சிவந்திருந்தது. மிதந்து வந்த சருகொன்று அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு அதிர்ந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு ஏழெட்டு.

பச்சோந்தி எதிர்ப்பட்டால் வீடு திரும்பிக் கதவை அடைத்துவிட வேண்டும், அன்று வெளியே தலைகாட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவை மட்டும் அடைக்கவில்லை.

"கிளம்புங்க, பாறைமேட்டுக்குப் போயிடலாம்!" என்று மணிக்கட்டில் தொற்றியிருந்த பச்சோந்தியை நீட்டிக் காட்டினாள்.

சைசி பதறி அதைத் தட்டிவிட்டான். அது வாசலில் விழுந்து செத்ததுபோல் கிடந்தது.

"சனியனக் கையிலயே தூக்கிட்டு வந்துட்டு, வெளிய வேற கூப்பிடுறியா? புத்தி கெட்டுப்போச்சாடி?"

"ஒண்ணு வந்தா சகுனம். கூட்டமா வந்தா? காட்ட விட்டு அதுக தானா வராதுங்க. அதுக நின்ன தரையே நகருது."

"நாளைக்குத் தவளை வந்து கூப்பிடும். அதுகூடயும் போ."

குழந்தையை முதுகில் கட்டினாள். அடுப்பிலிருந்த நிசிமாக் களிப் பானையைத் தலையில் ஏற்றினாள்.

"சோறு பாறைமேட்டுல இருக்கும். பசிச்சா வாங்க."

பாறைமேட்டில்தான் எங்கள் வீடு. அங்கிருந்து எல்லோரும் பார்த்தோம். சற்று நேரத்தில் சைசி சிரித்துக்கொண்டே தலையில் சாக்கைப் போட்டபடி வாசலுக்கு வந்தான். வரத்தான் வந்தான், கண்ணுகளா. மேகம் கறுத்ததைப் பொழுது சாய்ந்ததென்று நினைத்ததோ என்னவோ, கீழே கிடந்த பச்சோந்தி எழுந்து கதவு நிலையில் முழங்கால் உயரம் ஏறியிருக்க வேண்டும். அவன் குனிந்து பார்த்தான். பின்வாங்கினான்.

"வாங்க!" என்று எனெலெசி தொண்டை கிழியக் கத்தினாள்.

கதவு சாத்திக்கொண்டது. மலை ஒருமுறை முனகியது. வெட்டிய சரிவு மொத்தமும் இறங்கி வந்து அந்த வீட்டை மூடியது.

உங்கள் வீட்டுக் கதவு வேண்டிய நேரத்தில் உள்ளிருந்து திறக்கட்டும், செல்லங்களே. கூப்பிடுகிற குரல் உள்ளே இருக்கிற எல்லோர் காதிலும் விழட்டும்.